ஏடிபி-குளோ கைனேஸ் கிட்: தடுப்பானைக் காட்டும், தேர்வுத்திறனை நாம்தான் தேட வேண்டும்

கைனேஸ் என்பது வேறு மூலக்கூறுகளின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. அதன் தடுப்பான்களைத் தேடத் தொடங்கும் ஆய்வகம் முதலில் வாங்கும் கிட் பெரும்பாலும் புரோமேகா நிறுவனத்தின் ஏடிபி-குளோவாகத்தான் (ADP-Glo) இருக்கும். காரணம் எளிது. கதிரியக்கப் பாஸ்பரஸ் வேண்டாம். பாஸ்பேட் ஏறிய பெப்டைடைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டாம். ஒவ்வொரு நொதிக்கும் தனியாக நிறமேற்றிய தளப்பொருள் (நொதி வேலை செய்யும் பொருள்) வேண்டாம். அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைச் செலவழித்து அடினோசின் டைபாஸ்பேட்டை வெளிவிடும் நொதி எதுவானாலும் சரி, இந்தக் கிட் அந்த வேலையை ஒளியாக மாற்றிக் காட்டிவிடும். இனி அவற்றைச் சுருக்கமாக ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்றே சொல்வோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தடுப்பான்களைக் கண்டெடுக்க இது நல்ல கருவி, தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு மூலக்கூறு நோய்க்குக் காரணமான நொதியை மட்டும் தடுக்கிறது, அதன் பங்காளி நொதிகளை விட்டுவிடுகிறது என்று அடித்துச் சொல்ல இதன் எண்கள் தாமாகப் போதாது. ட்ரைபாஸ்பேட்டின் செறிவு, நொதியின் அளவு, நொதி எந்த வடிவத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதைப் பொறுத்து அந்த எண்கள் ஆடும். கிட் எளிதாக இருப்பதால் இவை எதையும் கவனிக்காமலே இருபது நொதிகளுக்கு ஐசி50 எண்களை (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் செறிவு) வாங்கி அட்டவணை போட்டுவிட முடிகிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி வேலை செய்கிறது

இரண்டே கட்டங்கள். கைனேஸ் வினை முடிந்ததும் அதே கன அளவில் ஏடிபி-குளோ வினைப்பொருளைச் சேர்க்க வேண்டும். அது கைனேஸை நிறுத்தும். செலவாகாமல் மிஞ்சிய ட்ரைபாஸ்பேட்டையும் அழிக்கும். இதற்கு அறை வெப்பநிலையில் 40 நிமிடம். அடுத்து, முதல் வினையின் கன அளவைப்போல் இரண்டு மடங்கு கண்டறியும் வினைப்பொருள். அது டைபாஸ்பேட்டை மீண்டும் ட்ரைபாஸ்பேட்டாக்கி, ஒளி உமிழும் நொதியான லூசிஃபெரேஸுக்கு ஊட்டி, ஒளியாக்குகிறது. இதற்கு 30 முதல் 60 நிமிடம். ட்ரைபாஸ்பேட் அதிகம் இருந்த வினைகளுக்கு 60 பக்கம் போவது நல்லது. மொத்தத்தில் 1:1:2 என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் 96 குழித் தட்டில் 25, 25, 50 மைக்ரோலிட்டர். 384 குழித் தட்டில் 5, 5, 10.

இதே நிறுவனத்தின் பழைய கைனேஸ்-குளோ கிட்டோடு ஒப்பிட்டால் இந்தச் சுற்றுவழியின் பயன் புரியும். அது மிஞ்சிய ட்ரைபாஸ்பேட்டை அளக்கும். நொதி 10 சதவீதத்தை மாற்றியிருந்தால் அங்கே ஒளி நூறிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கும். பிப்பெட் பிழையே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். இங்கே அதே 10 சதவீதம், ஏறக்குறைய இருட்டான அடிமட்டத்திலிருந்து எழும் ஒளி. ஆகவே குறைந்த மாற்றத்தில், அதாவது வினை இன்னும் நேர்கோட்டில் இருக்கும்போதே அளக்க முடிகிறது. ட்ரைபாஸ்பேட் 1 மில்லிமோலார் வரை போகலாம். கைனேஸ்-குளோவுக்கு அந்த வீச்சு கிடையாது.

ஒளி சில விநாடிகளில் அணைவதில்லை, மணிக்கணக்கில் நிற்கும். தட்டுகளை வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றாகப் படிக்கலாம். ஊசிபோட்டு உடனே படிக்கும் வசதியுள்ள விலையுயர்ந்த ரீடர் தேவையில்லை.

மேசையில்

உறைநிலையில், மைனஸ் 20 டிகிரியில் வைக்கும் பெட்டி. கண்டறியும் பஃபரை உருக்கும்போது அடியில் வெண்மையாக ஏதாவது படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். 37 டிகிரியில் சுழற்றிக்கொண்டே கால் மணி நேரம் வைத்தால் கரைந்துவிடும். கரையாமலே ஊற்றினால் தட்டின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் ஒளி வேறுபடும். உலர்ந்த கண்டறியும் தளப்பொருளை அந்தப் பஃபரில் கரைத்ததும் ஒரு நாளுக்குத் தேவையான அளவாகப் பிரித்து மீண்டும் உறைய வைத்துவிட வேண்டும். இரண்டு வினைப்பொருள்களும் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே தட்டைத் தொட வேண்டும். குளிர்ந்த கரைசலை ஊற்றினால் ஓரக் குழிகள் முந்திச் சூடேறி, நடுக்குழிகள் பிந்தும். பிறகு வரும் வரைபடத்தில் தட்டின் வடிவம்தான் தெரியும், மூலக்கூறின் குணம் தெரியாது.

384 குழியில் வழக்கமான பிரிப்பு: தடுப்பான் 1 மைக்ரோலிட்டர், நொதி 2, தளப்பொருளும் ட்ரைபாஸ்பேட்டும் கலந்த கரைசல் 2. அப்படியானால் தடுப்பானை ஐந்து மடங்குச் செறிவிலும் மற்ற இரண்டையும் இரண்டரை மடங்குச் செறிவிலும் தயாரிக்க வேண்டும். பஃபருக்கு 40 மில்லிமோலார் ட்ரிஸ், பிஹெச் 7.5; 20 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு; மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்); 50 மைக்ரோமோலார் டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது). பெரும்பாலான கைனேஸ்கள் இதில் ஓடும். இதோடு 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப்பொருளைச் சேர்ப்பதை விருப்பத் தேர்வாக விடாதீர்கள்; காரணம் பின்னால் வரும். மக்னீசியம் நொதிக்கு மட்டுமல்ல, கிட்டின் முதல் வினைப்பொருளுக்கும் வேண்டும். நொதியைச் சேமித்த கரைசலில் இடிடிஏ இருந்தால் அது எவ்வளவு மக்னீசியத்தைக் கட்டிப்போடும் என்று கணக்குப் போட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தடுப்பானை முதலில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலேயே படிப்படியாக நீர்த்து, கடைசியில் ஒரே தாவலில் பஃபருக்குக் கொண்டுவர வேண்டும். பஃபரிலேயே படிப்படியாக நீர்த்தால் எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள் முதல் குழியிலேயே வீழ்படிவாகி, அடுத்த ஒன்பது செறிவுகளும் பொய்யாகிவிடும். உச்சம் 10 மைக்ரோமோலாரில் தொடங்கி மூன்று மடங்கு நீர்த்தலில் பத்துப் புள்ளிகள் போட்டால் கடைசிப் புள்ளி ஏறத்தாழ 0.5 நானோமோலார். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே 1 சதவீதம், நொதியில்லாக் குழியிலும்கூட.

தட்டு வெள்ளை, ஒளிபுகாதது. வெள்ளைத் தட்டு விளக்கொளி பட்டால் சற்று நேரம் தானே மினுங்கும்; படிப்பதற்குமுன் சில நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். 5 மைக்ரோலிட்டர் என்பது ஆவியாகிப் போகும் அளவு, எனவே வினை நடக்கும்போது மூடி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் குலுக்கி, சிறிது மையவிலக்கி, குமிழிகளை விரட்ட வேண்டும். ஒரு குமிழி ஒரு குழியைக் கெடுக்கும். சுவரில் ஒட்டிய நொதித்துளியோ வினையிலேயே சேராமல், ‘நல்ல தடுப்பான்’ வேடம் போடும்.

மாற்றக்கோட்டை ஒருமுறையாவது போட்டாக வேண்டும். மொத்த நியூக்ளியோடைடைப் பத்து மைக்ரோமோலாரில் நிலையாக வைத்து, டைபாஸ்பேட்டின் பங்கை 0, 1, 2, 3, 4, 5, 10, 20, 40, 60, 80, 100 சதவீதம் என்று ஏற்றுங்கள். பெட்டியிலேயே தூய ட்ரைபாஸ்பேட்டும் டைபாஸ்பேட்டும் 10 மில்லிமோலாரில் வருகின்றன. இந்தக் கோடு இருந்தால்தான் ‘ஒளி 40,000’ என்பது ‘6 சதவீத மாற்றம்’ என்று பொருள்படும்.

பிறகு நொதியின் அளவு. இரட்டிப்பு நீர்த்தலில் நொதியை ஓடவிட்டு, 60 நிமிடத்தில் 5 முதல் 10 சதவீதம் மாற்றும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ஒளி பிரகாசமாக இருக்கிறது என்று 80 சதவீத மாற்றத்தில் வேலை செய்வோர் உண்டு. ட்ரைபாஸ்பேட் தீரத் தீர வேகம் அதற்கேற்பக் குறைவதாக வைத்துக் கணக்கிட்டால், 80 சதவீத மாற்றம் 40க்கு இறங்க நொதியின் வேகம் பாதியாவது போதாது, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். அதாவது ஐசி50 உண்மையைவிட இருமடங்குக்குச் சற்று மேலே காட்டும். ஒரு நொதியை 8 சதவீதத்திலும் இன்னொன்றை 80 சதவீதத்திலும் ஓட்டினால், இல்லாத தேர்வுத்திறன் இரண்டு மடங்கு இலவசமாகக் கிடைத்துவிடும்.

தட்டின் தரத்துக்கு, முழு வேகக் குழிகளும் நொதியில்லாக் குழிகளும் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்று காட்டும் இசட்-பிரைம் எண்ணைப் பார்த்தால் போதும். முழு வேகக் குழிகளின் சராசரி 60,000, விலக்கம் 3,000. நொதியில்லாக் குழிகளின் சராசரி 10,000, விலக்கம் 800 என்றால், விலக்கங்களின் கூட்டல் 3,800, அதன் மும்மடங்கு 11,400. இதை 50,000 இடைவெளியால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.77. 0.5க்கு மேல் இருந்தால் தேடலுக்குப் போதும். பின்னணியைவிட ஒளி எத்தனை மடங்கு என்ற பெருமைக்காக நொதியைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

எங்கே கெடுகிறது

முதல் சந்தேகம் ட்ரைபாஸ்பேட்டின் மீது. அலமாரியில் கிடக்கும் சாதாரணக் குப்பியில் 1 சதவீதம் டைபாஸ்பேட் கலந்திருந்தால் 10 மைக்ரோமோலார் வினையில் அது 0.1 மைக்ரோமோலார், தாங்கிக்கொள்ளலாம். 1 மில்லிமோலார் வினையில் அதே 1 சதவீதம் 10 மைக்ரோமோலார். நொதி ஒரு மணி நேரம் உழைத்து உண்டாக்கியதைவிடக் கலப்படம் அதிகமாகிவிடும். பெட்டியோடு வரும் தூய ட்ரைபாஸ்பேட்டைச் சேமித்துவைத்து வேறெதையோ ஊற்றுவது பொய்ச் சிக்கனம். அதையும் உருக்கி உறைய வைத்துக்கொண்டே இருந்தால் மெல்லச் சிதையும். சிறு பங்குகளாகப் பிரியுங்கள்.

அடுத்தது நொதிக் குப்பி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வுத்திறன் அட்டவணைகள் அதிகம் ஏமாறும் இடம் இது. கிட்டுக்குத் தெரிவது டைபாஸ்பேட் மட்டுமே. அதை யார் உண்டாக்கினார் என்று அது கேட்பதில்லை. ஈ. கோலையில் தயாரித்த கைனேஸோடு டிஎன்ஏகே, குரோஇஎல் போன்ற மடிப்புத் துணைப்புரதங்கள் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். இரண்டுமே ட்ரைபாஸ்பேட்டை உடைப்பவை. தளப்பொருளே இல்லாத குழியில் ஒளி எழுந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: கைனேஸ் தன்மேலேயே பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது, தண்ணீரைத் தளப்பொருளாக்கி ட்ரைபாஸ்பேட்டைச் சும்மா உடைக்கிறது, அல்லது கலப்பட நொதி. முதல் இரண்டும் கைனேஸின் சொந்த வேலை, எனவே அதன் தடுப்பானால் அடங்கும். மூன்றாவது அடங்காது. ஸ்டாரோஸ்போரின் போன்ற வலுவான தடுப்பானைத் தாராளமாக ஊற்றிப் பாருங்கள். அந்தக் கைனேஸ் அதற்கு அடங்கும் வகை என்பதை முன்பே உறுதிசெய்திருந்தால், மிஞ்சும் ஒளி கலப்படத்தின் ஒளி. இன்னும் உறுதி வேண்டுமென்றால், செயலிழந்த திரிபு நொதியை அதே முறையில் தூய்மைப்படுத்தி அதே அளவு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். பக்கத்து நொதியின் குப்பியில் 40 சதவீத ஒளி கலப்படத்துடையது என்றால், எந்தத் தடுப்பானும் அங்கே 60 சதவீதத்துக்குமேல் தடுக்காததுபோல் தெரியும். ஒரே செறிவில் சதவீதத் தடுப்பு மட்டும் பார்க்கும் அட்டவணையில் அது ‘பாதிக்கப்படாத நொதி’ என்று பதிவாகும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே உயரத்தில் முட்டி நின்றால் நொதிக் குப்பியைச் சந்தேகியுங்கள்; ஒன்று மட்டும் நின்றால் அதன் கரைதிறனை.

கலப்படம் எப்போதும் ஒளியைக் கூட்டும் என்றும் இல்லை. அடினைலேட் கைனேஸ் கலந்திருந்தால் அது இரண்டு டைபாஸ்பேட்டை ஒரு ட்ரைபாஸ்பேட்டாகவும் ஒரு மோனோபாஸ்பேட்டாகவும் மாற்றி, அளக்க வேண்டியதையே தின்றுவிடும். செல்களை உடைத்த கச்சாச் சாற்றில் இந்தக் கிட்டை ஓட்டவே கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லூசிஃபெரேஸைத் தடுக்கும் மூலக்கூறுகள் ஒளியைக் குறைக்கும். ஒளி குறைவது இங்கே கைனேஸ் தடுப்பு என்று வாசிக்கப்படும். லூசிஃபெரேஸும் ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்கும் நொதி என்பதால், அதைப்போல் வேடமிடும் கைனேஸ் தடுப்பான்கள் இங்கேயும் அமர வாய்ப்புண்டு. ரெஸ்வெரட்ரால் மின்மினி லூசிஃபெரேஸைத் தடுப்பது தெரிந்ததே. அடலூரன் என்ற மருந்து மூலக்கூறைச் சுற்றி எழுந்த விவாதமும், அது கண்டுபிடிக்கப்பட்ட சோதனையில் லூசிஃபெரேஸையே தொட்டது என்பதில்தான் தொடங்கியது. இந்தக் கிட்டில் இருப்பது உறுதிப்படுத்தப்பட்ட லூசிஃபெரேஸ். இயற்கையானதைவிடத் தடுப்பான்களுக்குக் குறைவாகவே மசிகிறது. அதோடு, படிக்கும் நேரத்தில் தடுப்பான் நான்கு மடங்கு நீர்த்துப்போயிருக்கும். இருந்தாலும் எதிர்ச்சோதனையைத் தவிர்க்க இவை சாக்கு அல்ல. சோதனை எளிது: கைனேஸை விட்டுவிட்டு, 9 மைக்ரோமோலார் ட்ரைபாஸ்பேட்டும் 1 மைக்ரோமோலார் டைபாஸ்பேட்டும் கலந்து, அதாவது 10 சதவீத மாற்றத்தைப் போலியாக அமைத்து, தடுப்பானையும் இரண்டு வினைப்பொருள்களையும் வழக்கம்போல் சேர்க்க வேண்டும். ஒளி இறங்கினால் மூலக்கூறு கண்டறியும் பகுதியைத் தொடுகிறது. ஏறினால் முதல் கட்டத்தில் ட்ரைபாஸ்பேட் அழிவதைத் தடுக்கிறது. அப்படிப்பட்டவை நல்ல தடுப்பானாகவே இருந்தாலும் தேடலில் மறைந்துவிடும்.

ட்ரைட்டான் விஷயம்: பல மூலக்கூறுகள் மைக்ரோமோலார் அளவில் கூழ்மத் திரள்களாகச் சேர்ந்து, நொதியை மேற்பரப்பில் உறிஞ்சி முடக்கும். அவை எந்த நொதியையும் தடுக்கும். 0.01 சதவீத ட்ரைட்டான் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், நொதியின் அளவை ஐந்து மடங்காக்கியதும் ஐசி50 துள்ளி எழுந்தால், வளைவு அளவுக்கு மீறிச் செங்குத்தாக இருந்தால், அந்த மூலக்கூறை விட்டுவிடலாம்.

தேர்வுத்திறன் என்னும் பெரிய கேள்வி

மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் என்று 2002ஆம் ஆண்டுப் பட்டியல் சொன்னது. எல்லாவற்றிலும் ட்ரைபாஸ்பேட் அமரும் குழிவு ஒரே சாயலில் இருப்பதால்தான் தேர்வுத்திறன் இவ்வளவு கடினம். இந்தக் கிட்டைக் கொண்டு பத்து, பதினைந்து நொதிகளின் சொந்தக் குழுவை அமைப்பது சாத்தியம், பலர் செய்கிறார்கள். ஆனால் எல்லா நொதிகளையும் ஒரே 10 மைக்ரோமோலார் ட்ரைபாஸ்பேட்டில் ஓட்டுவது பெரும்பிழை.

ஒரு கணக்கு போடுவோம். இலக்கு நொதிக்கு ட்ரைபாஸ்பேட்டின் கேஎம் (நொதி உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவு) 10 மைக்ரோமோலார். பக்கத்து நொதிக்கு 100. நம் மூலக்கூறு இரண்டையும் ஒரே கேஐயில் (பிடிப்பின் அளவு; எண் குறைந்தால் பிடிப்பு வலு), 10 நானோமோலாரில் பிடிக்கிறது என்று வையுங்கள். ட்ரைபாஸ்பேட்டோடு போட்டியிடும் தடுப்பானின் கேஐயிலிருந்து ஐசி50யைத் தரும் செங்-புரூசாஃப் சமன்பாட்டின்படி, 10 மைக்ரோமோலார் ட்ரைபாஸ்பேட்டில் இலக்கின் ஐசி50 20, பக்கத்து நொதியின் ஐசி50 11 நானோமோலார். செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. 1 மில்லிமோலாரில் இலக்கின் எண் 1,010 ஆகிவிடும்; பக்கத்து நொதியுடையது 110. பிடிப்பு சமம்தான், ஆனால் செல்லில் அந்த மருந்து தவறான நொதியை ஒன்பது மடங்கு விரும்பும். 10 மைக்ரோமோலாரில் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

எனவே ஒவ்வொரு நொதிக்கும் கேஎம் அளந்து, அந்தந்தக் கேஎம்மில் ஓட்டிப் பிடிப்பை ஒப்பிடுவது ஒரு வரிசை. எல்லாவற்றையும் 1 மில்லிமோலாரில் ஓட்டிச் செல்நிலையை ஒப்பிடுவது இன்னொரு வரிசை. இரண்டும் வேண்டும். இரண்டாவது வரிசையை ஓட்ட முடிகிறது என்பதே இந்தக் கிட்டை வாங்க வலுவான காரணம். கேஎம்மில் ஒருமுறை, அதன் பத்து மடங்கில் ஒருமுறை அளந்தால் மூலக்கூறின் வகையும் தெரியும்: ட்ரைபாஸ்பேட்டோடு போட்டியிடுவதாக இருந்தால் ஐசி50 5.5 மடங்கு ஏற வேண்டும். அசையாமல் நின்றால் வேறிடத்தில் அமரும் தடுப்பானாக இருக்கலாம், அல்லது மேலே சொன்ன போலிகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: பத்து மடங்கு ட்ரைபாஸ்பேட்டில் வேகம் 1.8 மடங்குதான் கூடும், ஆகவே 10 சதவீதமாக இருந்த மாற்றம் 1.8 சதவீதமாகச் சுருங்கும். 1 சதவீதக் கலப்படத்துக்குமேல் 1.8 சதவீதத்தைப் படிப்பது நொண்டியடிக்கும் வேலை. தூய ட்ரைபாஸ்பேட் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

நொதியின் அளவு இன்னொரு பொறி. ஐசி50 ஒருபோதும் நொதிச் செறிவின் பாதிக்குக் கீழே இறங்காது. இலக்கு நொதி 20 நானோமோலார் இருக்கும் குழியில் 0.5 நானோமோலார் தடுப்பானும் 10.5 என்றே காட்டும். பக்கத்து நொதி 1 நானோமோலாரில் ஓடி, உண்மையான 50 நானோமோலாரைக் காட்டினால், அட்டவணையில் தேர்வுத்திறன் 5 மடங்கு. உண்மையில் 100 மடங்கு. நல்ல மூலக்கூறைக் குப்பையில் போட இது போதும். எவ்வளவு குறைந்த நொதியில் ஓட்டலாம் என்பதை நொதியின் சுழற்சி வேகம் தீர்மானிக்கும். 0.5 மைக்ரோமோலார் டைபாஸ்பேட் உண்டாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு சுழற்சி செய்யும் கைனேஸ், கேஎம்மில் ஒரு மணி நேரம் ஓட 0.3 நானோமோலார் போதும். நூறு விநாடிக்கு ஒருமுறை சுழலும் சோம்பேறி நொதிக்கு 28 நானோமோலார் வேண்டும். நேரத்தை நான்கு மணியாக்கினால் 7க்கு இறக்கலாம், நொதி அவ்வளவு நேரம் உயிரோடு இருந்தால். குப்பி மேல் எழுதிய செறிவும் செயல்படும் நொதியின் செறிவும் ஒன்றல்ல என்பதால், இறுகப் பிடிக்கும் தடுப்பானைக் கொண்டு செயலிடங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நேரம். லாபட்டினிப் என்ற மருந்து இஜிஎஃப்ஆர் என்ற கைனேஸை விட்டு வெளியேற எடுக்கும் அரை ஆயுள் ஏறத்தாழ 300 நிமிடம். இப்படி மெல்லப் பிடித்து மெல்ல விடும் மூலக்கூறுகளை, நொதியோடு சேர்த்த அடுத்த நொடியே ட்ரைபாஸ்பேட் ஊற்றி அளந்தால் பலவீனமாகத் தெரியும். ட்ரைபாஸ்பேட் சேர்க்கும் முன் தடுப்பானையும் நொதியையும் 30 நிமிடம் ஒன்றாக வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நொதிக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விட்டால் ஒப்பீடு செல்லாது. சகப்பிணைப்பில் நிரந்தரமாக ஒட்டும் தடுப்பான்களுக்கு ஐசி50 என்பதே காத்திருந்த நேரத்தின் பிள்ளை. இப்ரூட்டினிப் போன்றவற்றுக்குப் பிடிப்பையும் ஒட்டும் வேகத்தையும் பிரித்து அளக்க வேண்டும். இந்தக் கிட்டில் ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனிக் குழி, பிறகு 40 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். செய்யலாம், ஆனால் கை ஓய்ந்துவிடும். ஓட ஓடப் படிக்கும் ஒளிர்பெப்டைடு முறை அதற்குப் பொருத்தம். குழுவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும்: இப்ரூட்டினிப்பின் இலக்கான பிடிகே கைனேஸின் 481ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறிவைத்தால் அதே இடத்தில் சிஸ்டீன் வைத்திருக்கும் ஐடிகே, டெக், பிஎம்எக்ஸ், டிஎக்ஸ்கே, பிஎல்கே, இஜிஎஃப்ஆர், ஹெர்2, ஹெர்4, ஜாக்3 ஆகியவை குழுவில் இருந்தாக வேண்டும். வரிசை ஒற்றுமை மட்டும் பார்த்துக் குழு அமைத்தால் இஜிஎஃப்ஆரும் ஜாக்3யும் விட்டுப்போகும்.

இந்தக் கிட்டால் அடிப்படையிலேயே பார்க்க முடியாதவை இரண்டு. ஒன்று, செயல்படாத வடிவம். வேலை செய்யும் நொதியைத்தான் இது காணும். இமாட்டினிப் என்ற மருந்து ஏபிஎல் என்ற கைனேஸின் செயலற்ற மடிப்பை விரும்பிப் பிடிப்பது. பாஸ்பேட் ஏறி முழுவீச்சில் ஓடும் ஏபிஎல்லை வைத்து அளந்தால் அதன் வலிமை குறைத்தே மதிப்பிடப்படும். இரண்டு, கைனேஸே அல்லாத புரதங்கள். அதே இமாட்டினிப் என்கியூஓ2 என்ற ஆக்சிஜனேற்ற ஒடுக்க நொதியையும் பிடிக்கிறது. டைபாஸ்பேட்டை எண்ணும் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. செல்சாற்றிலிருந்து மருந்தே இழுத்துவரும் புரதங்களை நிறைமாலையில் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

மாற்றுகள்

பெல்புரூக்கின் டிரான்ஸ்கிரீனரும் டைபாஸ்பேட்டைத்தான் அளக்கிறது, ஆனால் ஆன்டிபாடியால். ஒரே சேர்ப்பு, லூசிஃபெரேஸ் இல்லை. ஏடிபி-குளோவில் கிடைத்தவற்றை மறுபரிசோதனை செய்ய நல்ல துணை. ட்ரைபாஸ்பேட் செறிவை மாற்றும்போதெல்லாம் ஆன்டிபாடியின் அளவையும் மாற்ற வேண்டும் என்பது அதன் தொல்லை. கலப்பட நொதிப் பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கும். அதிலிருந்து தப்ப, பாஸ்பேட் ஏறிய பெப்டைடையே நேரடியாகப் பார்க்கும் முறை வேண்டும்: மின்புலத்தில் பெப்டைடின் நகர்வைப் படிப்பது, அல்லது பாஸ்பரஸ்-33 கொண்டு வடிதாளில் எண்ணுவது. கதிரியக்க அனுமதி இருக்கும் இடத்தில் பின்னதை இன்றும் விஞ்ச முடியாது. நூற்றுக்கணக்கான கைனேஸ்களை ஒரே தடவையில் பார்க்க கைனோம்ஸ்கேன் போன்ற பிணைப்புச் சேவைக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். அங்கே ட்ரைபாஸ்பேட் கிடையாது, செயல்படாத வடிவங்களும் உண்டு. ஆனால் வரும் எண் பிணைப்பின் எண், தடுப்பின் எண் அல்ல. அதையும் இந்தக் கிட்டின் ஐசி50யையும் ஒரே நெடுவரிசையில் எழுதக் கூடாது.

வாங்குமுன் ஓரிரண்டு குறிப்புகள். பெட்டியில் கைனேஸும் இல்லை, தளப்பொருளும் இல்லை. டைரோசின் கைனேஸ்களுக்கு குளுட்டமேட்-டைரோசின் 4:1 பாலிமரை மைக்ரோலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் அளவில் வைத்துத் தொடங்கலாம், ஆனால் தொகுதிக்குத் தொகுதி அது மாறும் என்பதால் ஒரு திட்டத்துக்குத் தேவையானதை ஒரே தொகுதியில் வாங்கிவையுங்கள். 1 மில்லிமோலாருக்குமேல் ட்ரைபாஸ்பேட் வேண்டுவோருக்கு 5 மில்லிமோலார் வரை தாங்கும் ஏடிபி-குளோ மேக்ஸ் தனியாக உண்டு. மெத்தில் மாற்றிகளுக்கு எம்டிஏஸ்-குளோ, சர்க்கரை மாற்றிகளில் யூரிடின் டைபாஸ்பேட்டை வெளிவிடுபவற்றுக்கு யுடிபி-குளோ என்று இதே குடும்பத்தில் வேறு பெட்டிகள் இருக்கின்றன. புரோட்டியேஸ், பாஸ்பேட்டேஸ் தடுப்பான்களைத் தேடுவோருக்கு இந்தப் பெட்டியால் பயனில்லை.